பாம்பே டோஸ்ட்டும் தனித் தட்டும்



போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிட்டாள். நான் தோசைக்கல் முன்னால் நிற்கிறேன். கல்லில் பாம்பே டோஸ்ட். பக்கத்தில் நறுக்கின கொய்யா, ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். பின்னால் சாப்பாட்டு மேசையில் எங்கள் வீட்டுக்காரர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் படம். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

பாதிப் பேர் செய்முறை கேட்டீர்கள். மீதிப் பேர் என்னைக் கண்டித்தீர்கள். "டீச்சர், சாருக்கு சுகர் ஆச்சே, இதெல்லாம் கொடுக்கலாமா?" என்று 1994 செட் பையன் ஒருவன். (பையன் என்கிறேன், அவனுக்கே தலை நரைத்துவிட்டது.) என் நாத்தனார் போனிலேயே பிடித்துக்கொண்டார். "அண்ணனுக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்? ரெண்டு கோதுமை ரொட்டியச் சுட்டுத் தனியா வெச்சா முடிஞ்சுது" என்றார்.

அந்தத் "தனியா" என்ற சொல்லுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு. செய்முறை கீழே இருக்கிறது. நேராக அங்கே தாவப்போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடம் உங்கள் பரீட்சைத் தாள் திருத்தியவள் நான். ஒழுங்காக வரிசையாகப் படித்து வாருங்கள்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பண்டத்தை உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவதென்றால் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து மாற்றுங்கள். சர்க்கரை வந்தவருக்கு மட்டும் ஒரு தனித் தட்டு வைக்காதீர்கள்.

என் சின்ன வயதில் பிரெட் என்றால் காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. மெழுகுத்தாள் சுற்றின மாடர்ன் பிரெட் வீட்டுக்குள் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனால் ஒரு பிரெட் பாக்கெட், நாலு சாத்துக்குடி. சூடான பாலில் தொட்டுக் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்ட பிறகு மிச்சமிருக்கும் காய்ந்த துண்டுகளை அம்மா முட்டையிலும் பாலிலும் முக்கி, சர்க்கரை போட்டு, நெய்யில் பொரித்துக் கொடுப்பார். அதுதான் பாம்பே டோஸ்ட். எங்களுக்கு அதற்காகவே காய்ச்சல் வராதா என்று இருக்கும்.

இதே பண்டத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் உண்டு. இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்ச் டோஸ்ட் என்கிறார்கள். பிரான்சில் கேட்டால் "பேன் பெர்தூ" என்பார்கள், "வீணாய்ப்போன ரொட்டி" என்று பொருள். ஜெர்மனியில் "ஏழை வீரர்கள்". ஸ்பெயினில் "தொர்ரிஹாஸ்", ஈஸ்டரை ஒட்டிச் செய்வார்கள். அபீசியஸ் பெயரால் வழங்கும் பழைய ரோமானிய சமையல் நூலில் இதற்கு ஒரு மூதாதை இருக்கிறது: வெள்ளை ரொட்டியின் ஓரத்தை நீக்கி, பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் நனைத்துப் பொரித்து, மேலே தேன் ஊற்றிக் கொடு என்கிறது. அதில் முட்டைகூட இல்லை. ஏன் சொல்கிறேன் என்றால், இது பிறந்ததே காய்ந்த ரொட்டியை வீணாக்காமல் இருக்கத்தான். இன்று ஹோட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் என்று போட்டு, இரண்டங்குல கனத்தில் ரொட்டி, அதன் மேல் கிரீம், அதன் மேல் சிரப், அதன் மேல் ஐஸ்கிரீம் என்று அடுக்குகிறார்களே, அதெல்லாம் பிற்பாடு ஏறின சுமை. அதை இறக்கி வைத்தால் பண்டம் கெட்டுவிடாது. அதனால், "லேசாகச் செய்தால் அது பாம்பே டோஸ்ட்டே இல்லை" என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்கு வருவேன்.

பிரஞ்ச் என்பதும் நமக்கு ஒன்றும் புதிதில்லை. 1895-இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர், ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுபவர்களுக்குக் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கினால் என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் காலையில் காபி, பத்து மணிக்கு முழுச் சாப்பாடு, சாயங்காலம் டிபன் என்றுதான் நாள் ஓடியது. யாரும் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் வந்தது பேரப்பிள்ளைகளால். மகனும் மருமகளும் வாரம் ஆறு நாள் ஓடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் அந்த அறைக் கதவு திறக்காது. பத்தரை மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்காருவோம். பாம்பே டோஸ்ட் கட்டாயம். "அப்பாயி, எனக்கு ஓரத்துல நல்லா முறுகலா" என்று பேரன் கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்பான்.

எங்கள் வீட்டுக்காரருக்கு சர்க்கரை வந்து பதினான்கு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து எல்லாம் தனி. அவருக்கு சர்க்கரை இல்லாத காபி, தனி டம்ளர். அவருக்கு மட்டும் கோதுமை ரவை உப்புமா. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு பாம்பே டோஸ்ட், அவருக்கு வெறுமனே சுட்ட இரண்டு பிரெட். மேசையில் அந்தத் தட்டைப் பார்த்தாலே தெரியும், நெய் வாசனைகூட அதன் பக்கம் போயிருக்காது. நான் அதைப் பெரிய கடமையாகச் செய்தேன். உறவுக்காரர்கள் வந்தால், "அவருக்கு எல்லாம் தனியாத்தான் செய்யறேன்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில் 214 காட்டியது. முந்தின நாள் இரவு 130-க்குள் இருந்த மனிதர். எப்படி என்று யோசித்துக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்தேன். பேத்தியின் டிபன் டப்பாவுக்காக எடுத்து வைத்திருந்த நான்கு டோஸ்ட்டில் ஒன்றுதான் மிச்சம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் முன்னாலேயே, வகுப்பில் காப்பியடித்த பையனைப் பிடித்ததுபோல அவரைப் பிடித்துக்கொண்டேன். "ராத்திரி எழுந்து திருடித் தின்னீங்களா?" என்று கேட்டேன். அந்த வார்த்தையைத்தான் கேட்டேன். பேத்தி சிரித்துவிட்டாள். குழந்தைதானே.

அவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரை மடித்து வைத்தார். குழந்தைகள் போன பிறகு சொன்னார்: "நீங்க யாரும் என்னைப் பார்த்துக்கலைம்மா. பார்த்துக்கிட்டே இருக்கீங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று முழுக்க அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து, நடுராத்திரி மழையில் கம்பம் ஏறி ஊருக்கு வெளிச்சம் கொடுத்த மனிதர். அவருடைய சம்பளத்தில் வாங்கின ஃபிரிட்ஜை அவர் இருட்டில் திறக்க வேண்டியிருந்தது.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. மகனுக்கு அலுவலகத்தில் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அந்த எச்பிஏ1சி அளவு 6.1 வந்திருந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்பதாக அர்த்தம். 6.5 வந்தால் உள்ளே வந்தாயிற்று. அவனுக்கு வயது நாற்பத்தொன்று. இத்தனை வருடம் அப்பாவின் காய்ந்த தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சர்க்கரை தூவின டோஸ்ட் மூன்று சாப்பிட்டவன் அவன்தான். போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தனித் தட்டு வைத்ததால் நோய் வந்த ஒருவருக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, வரப்போகிற நான்கு பேரை மறந்துவிட்டோம். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி என்றது. வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி. உள்ளே இருப்பவர்களைவிட வாசலில் நிற்பவர்கள் அதிகம். தனித் தட்டு வைக்கிற வீட்டில் அந்த வாசற்படிக்காரர்களுக்கு என்ன தட்டு வைக்கிறோம்?

சரி, இனி கரும்பலகைக்கு வாருங்கள். கணக்குப் போடலாம்.

என் பழைய செய்முறை: எட்டுத் துண்டு பிரெட், இரண்டு முட்டை, ஒரு டம்ளர் ஆரஞ்சு பாக்கெட் பால், அதில் எட்டு டீஸ்பூன் சர்க்கரை. கல்லில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மேசைக்கரண்டி நெய். எடுத்த பிறகு சூட்டோடு மேலே ஒரு டீஸ்பூன் சர்க்கரை தூவல். ஒரு துண்டுக்கு எவ்வளவு வருகிறது? பிரெட்டில் சுமார் 75 கலோரி. முட்டையும் பாலும் சேர்ந்து 40. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 10 கிராம், 40. நெய் மட்டும் 120. கூட்டினால் 275. கவனித்தீர்களா? பிரெட்டைவிட நெய் அதிகம். கல்லில் ஊற்றின நெய் கல்லில் நிற்காது, அவ்வளவையும் ரொட்டி குடித்துவிடும். இரண்டு துண்டு தின்றால் 550 கலோரி, 20 கிராம் சர்க்கரை. மகனைப் போல மூன்று தின்றால் 30 கிராம். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் வருட வழிகாட்டுதல். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே அன்றைய பங்கு முடிந்துவிட்டது. இன்னும் காபி இருக்கிறது.

இப்போதைய செய்முறையில் ஒரு துண்டுக்கு பிரெட் 75, அரை முட்டை 36, பால் 12, அரை டீஸ்பூன் நெய் 20. மொத்தம் 145-க்குள். இரண்டு துண்டு 290. சேர்த்த சர்க்கரை பூஜ்ஜியம். புரதம் சுமார் 12 கிராம். முட்டையைக் கூட்டினேன், மற்றதைக் குறைத்தேன். அவ்வளவுதான் ரகசியம்.

இங்கே நிறையப் பேர் தவறுகிற நாலு இடம் உண்டு. நானும் தவறியிருக்கிறேன்.

ஒன்று, பழுப்பு நிற பிரெட். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் சுத்திகரித்த கோதுமை மாவு என்றிருந்தால் அது மைதாதான். கேரமல் நிறம் போட்டால் மைதாவும் பழுப்பாகத்தான் இருக்கும். முழுக்கோதுமை மாவு முதலில் வருகிற பிரெட்டாகப் பாருங்கள். அது கிடைத்தாலும் "ஹெல்த்தி" என்று ஐந்து துண்டு தின்பதற்கு அனுமதிச் சீட்டு இல்லை. கோதுமையும் மாவுச்சத்துதான்.

இரண்டு, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன். இதைச் சொன்னால் பாதிச் சொந்தக்காரர்கள் என்னோடு பேசமாட்டார்கள், பரவாயில்லை. ருசி வேறு, மணம் வேறு, கொஞ்சம் தாதுச்சத்தும் இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் போய்ச் சேரும்போது எல்லாம் சர்க்கரைதான். அந்த 25 கிராம் கணக்கில் தேனும் சேர்த்திதான். வெள்ளைச் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே அளவு கருப்பட்டி போட்டு, "இது ஆரோக்கியமானது" என்று சர்க்கரைக்காரர் தட்டில் வைப்பது அன்பு இல்லை, அறியாமை.

மூன்று, மஞ்சள் கருவை வீசி எறிவது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அது மஞ்சள் கருவில் இருக்கிறது, வைட்டமின்கள் பெரும்பாலும் அங்கேதான். கொலஸ்ட்ரால் நாளைக்கு 300 மில்லிகிராமுக்குமேல் கூடாது என்று பல வருடம் சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டி, 2015-இல் அந்த எண்ணைக் கைவிட்டது. அதற்காக ஆறு முட்டை தின்னச் சொல்லவில்லை. இதய நோய் உள்ளவர்கள், கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் உங்கள் டாக்டர் சொன்னபடி நடங்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு முட்டையைப் பார்த்து நடுங்க வேண்டாம். முட்டையைக் குறைத்துப் பாலை ஊற்றினால் டோஸ்ட் சொதசொதவென்று போகும், வயிறும் நிறையாது, இன்னும் இரண்டு கேட்கும்.

நான்கு, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. முதல் வாரம் நான் ஆர்வக்கோளாறில் ஓட்ஸ் மாவு, ஆளிவிதை, வெள்ளைக் கரு மட்டும் என்று என்னவோ செய்தேன். பேரன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பாயி, இது யாருக்குக் காய்ச்சல்?" என்றான். மாடர்ன் பிரெட் காலத்துக்கே திரும்பிப் போய்விட்டேன். குறைக்க வேண்டியது சர்க்கரையையும் நெய்யையும் எண்ணிக்கையையும்தான். பண்டத்தின் உயிரை எடுத்துவிட்டால் மறுபடி ராத்திரியில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கும்.

இனி செய்முறை. மூன்று பேருக்கு, ஆளுக்கு இரண்டு.

ஆறு துண்டு பிரெட். முந்தின நாள் வாங்கினது நல்லது. புது பிரெட் என்றால் ஒரு மணி நேரம் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். காய்ந்த பிரெட் முட்டைப் பாலை உறிஞ்சியும் உடையாமல் நிற்கும்.

மூன்று முட்டை, 120 மில்லி பால். ஆவின் நீல பாக்கெட் போதும், அதில் கொழுப்பு 3 சதவீதம். இரண்டு ஏலக்காய் பொடித்தது, ஒரு சிட்டிகை பட்டைப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விடாதீர்கள், முட்டை வாடையை அமுக்கி ருசியைத் தூக்கிக் கொடுக்கும். ஏலக்காயும் பட்டையும் இனிப்புப் பண்டங்களோடேயே நமக்குப் பழகின வாசனை. அதனால் சர்க்கரை இல்லாவிட்டாலும் நாக்கு இனிப்பை எதிர்பார்த்து ஏமாறிக்கொள்ளும். நல்ல ஏமாற்று.

எல்லாவற்றையும் நன்றாக அடித்து ஒரு வாயகன்ற தட்டில் ஊற்றுங்கள். துண்டை ஒரு பக்கம் இருபது எண்ணும் வரை, மறு பக்கம் இருபது எண்ணும் வரை வையுங்கள். வெறுமனே தொட்டு எடுத்தால் உள்ளே வறட்டு ரொட்டி, வெளியே ஆம்லெட் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

பழகின தோசைக்கல்லோ நான்-ஸ்டிக் கல்லோ மிதமான தீயில் காயட்டும். அரை டீஸ்பூன் நெய்யை விட்டு, வெட்டின வெங்காயத்தாலோ துணியாலோ கல் முழுக்கத் தேயுங்கள். துண்டைப் போட்டு மூடி வையுங்கள். இரண்டு நிமிடம். மூடி போட்டால் ஆவியில் உள்ளே வெந்துவிடும், நெய்யை ஊற்றிப் பொரிக்க வேண்டிய வேலையே இல்லை. பிறகு திருப்பிப் போட்டு மூடாமல் இரண்டு நிமிடம், முறுகலுக்காக.

"சர்க்கரை போடாமல் எப்படி டீச்சர் சிவக்கும்?" என்று கேட்பீர்கள். பாலிலேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. முட்டையில் புரதம் இருக்கிறது. இரண்டும் சூட்டில் சேர்ந்தால் நிறமும் மணமும் வரும். மெயிலார்ட் வினை என்று பெயர். பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர் 1912-இல் விளக்கினார். ஆக பிரெஞ்ச் டோஸ்ட்டில் பிரெஞ்சுக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே வைக்க, கெட்டித் தயிர் ஒரு கரண்டி, துணியில் கட்டித் தண்ணீர் வடித்தது. கொய்யா அல்லது பப்பாளித் துண்டுகள். வறுத்த வேர்க்கடலை ஒன்றிரண்டாக உடைத்தது. குழந்தைகளுக்கு இனிப்பு வேண்டுமென்றால் நன்றாகப் பழுத்த ஏலக்கி வாழைப்பழம் ஒன்றை நீளமாகக் கீறி அதே கல்லில் வாட்டுங்கள், தேன் மாதிரி இருக்கும். சர்க்கரை உள்ளவருக்கு அதில் பாதிக்கும் குறைவாகப் போதும். அதை அவரே எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் எடுத்து வைக்காதீர்கள். இது செய்முறையில் முக்கியமான பகுதி.

இனிப்பே வேண்டாம் என்றால் ஏலக்காய், பட்டைக்குப் பதில் பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, மிளகுத்தூள். எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஞாயிறு இனிப்பு வாசம், அடுத்த ஞாயிறு காரம். காரம் வருகிற வாரம் மகன் முதலில் வந்து உட்காருகிறான்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் கொடுத்தால் நான் செய்தது பாதி வேலை.

எல்லாருக்கும் ஒரே தட்டு என்று ஆரம்பித்த மூன்றாவது ஞாயிறு. அவர் வழக்கம்போல எட்டு மணிக்கு கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டார். நாங்கள் உட்கார்ந்தபோது மணி பத்தே முக்கால். பேரன் எதற்கோ அழுது ரகளை செய்ய, தாமதமாகிக்கொண்டே போனது. திரும்பிப் பார்த்தால் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. மிஷினில் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தோம். 84. அந்தப் பதினைந்து நிமிடம் மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தப்பு என்னுடையது. தட்டில் இருப்பதை எல்லாம் எடை போட்டுக் கணக்குப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இருந்தால், பிரஞ்ச் என்று சாப்பாட்டு நேரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று அவர் சொல்வார். எங்கள் டாக்டர் சொன்னபடி இப்போது அவர் எட்டு மணிக்கு ஒரு முட்டையும் இரண்டு இட்லியும் மாத்திரையோடு சாப்பிட்டுவிடுகிறார். பத்தரை மணிக்கு எங்களோடு ஒரே ஒரு டோஸ்ட். ஒன்றுதான். ஆனால் எங்கள் தட்டில் இருக்கும் அதே டோஸ்ட்.

என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருப்பீர்கள். மருமகளே முதலில் கேட்டாள்: "அத்தை, பிள்ளைங்க என்ன தப்புப் பண்ணாங்க? அதுங்க வயசுல சர்க்கரை போட்டுத் தின்னட்டுமே." நியாயமான கேள்வி. நானும் சின்ன வயதில் அப்படித் தின்றவள்தான். ஆனால் நான் வருடத்தில் நாலைந்து முறை, காய்ச்சல் விட்ட பிறகு தின்றேன். இந்தப் பிள்ளைகள் வாரா வாரம் தின்கிறார்கள். நடுவில் பிறந்தநாள் கேக், பள்ளிக்கூட வாசல் குளிர்பானம், டிவி பார்க்கும்போது பிஸ்கட். எங்கள் காலத்து விசேஷப் பண்டம் இவர்களுக்கு சாதாரணப் பண்டமாகிவிட்டது. சாதாரணப் பண்டத்தைச் சாதாரணமாகச் செய்வோம். தீபாவளிக்கு, பிறந்தநாளுக்கு, சர்க்கரை தூவி, நெய் மணக்க அம்மா செய்தது மாதிரியே செய்வேன். அன்றைக்கும் அவருக்கு அதே தட்டுதான், அரைத் துண்டு.

"வீட்டில் ஒருவருக்காக எல்லாரும் நாக்கைக் கட்ட வேண்டுமா?" என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார். ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்றால் நாம் எல்லாரும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவதில்லையா? அவரைத் தனியறையில் உட்கார வைத்து எழுதிக் காட்டுவதில்லையே. அதுவும் இங்கே நாம் கட்டுவது நாக்கைக்கூட இல்லை, பதினாறு டீஸ்பூன் சர்க்கரையையும் அரைக் கிண்ணம் நெய்யையும்தான்.

பலன் என்ன என்றும் கேட்பீர்கள். டோஸ்ட் ஒன்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் அறிவியல் ஆசிரியை இல்லை. மகன் நடக்க ஆரம்பித்தான், இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்தான், இதுவும் சேர்ந்தது. போன பரிசோதனையில் 5.8. இன்னும் வாசற்படிதான், ஒரு அடி பின்னால் வந்திருக்கிறான். எங்கள் வீட்டுக்காரருக்கு எண்கள் ஏறியும் இறங்கியும்தான் இருக்கின்றன, பதினான்கு வருட நோய் அப்படித்தான். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் ராத்திரியில் ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. போன மாதம் அவரே தோசைக்கல் முன்னால் நின்று எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தார். முதல் இரண்டைக் கருக்கிவிட்டு, "மெயிலார்ட் வினை கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றார். பேத்தி அந்தக் கருகலைத்தான் கேட்டு வாங்கித் தின்றாள்.

வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது தனித் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவோ மாமியாரோ பெரியப்பாவோ, மேசையின் ஓரத்தில் வேறு எதையோ மென்றுகொண்டிருப்பார்கள். அடுத்த ஞாயிறு ஒரே ஒரு பண்டத்தை மட்டும் அவருக்கு ஏற்றபடி எல்லாருக்குமாகச் செய்யுங்கள். டோஸ்ட்டே ஆக வேண்டும் என்றில்லை. செய்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள். தட்டை மட்டும் எடுக்காதீர்கள், மேசையில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் தெரியும்படி எடுங்கள்.

நாத்தனாருக்குத் தனியாக ஒரு வரி: அடுத்த ஞாயிறு பத்தரை மணிக்கு நீங்களும் வந்துவிடுங்கள். அண்ணன்தான் போடப்போகிறார். கருகல் வேண்டாம் என்றால் கொஞ்சம் தாமதமாக வாருங்கள், முதல் இரண்டு போய்விடும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்